வெள்ளாறு கட்டிய தீவுகள்

ஒன்பதாம் வகுப்பில் பனியாற்று நிலத்தோற்றங்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நார்வே நாட்டின் ஃபியோர்டு ஒன்றின் படத்தைத் திரையில் காட்டினேன். இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள், நடுவே அசைவற்ற கருநீலத் தண்ணீர், அதில் ஒரு சிறு தீவு, தீவில் ஒரு சிவப்பு வீடு. வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகப் பார்த்தது. பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: "சார், நம்ம மாவட்டத்துல தீவு இருக்கா?"

"இல்லப்பா. ராமேஸ்வரம் போனாதான் தீவு" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. நான் பணிபுரிவது கடலூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியிலுள்ள மங்களூர் ஒன்றியத்தில். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மேட்டு நிலம். எங்கள் மாணவர்களில் பெரும்பாலானோர் கடலைப் பார்த்ததில்லை. எங்களுக்கு 'டவுன்' என்றால் திட்டக்குடி அல்லது பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம். ஆனால் எங்கள் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் கடல் இருக்கிறது. அங்கே பிச்சாவரத்தில் ஏறத்தாழ ஐம்பது திட்டுகள் இருக்கின்றன. நானே குடும்பத்தோடு படகில் போய் வந்திருக்கிறேன். அப்படியிருந்தும் 'தீவு' என்ற சொல்லைக் கேட்டதும் அவை என் நினைவுக்கு வரவில்லை. 'திட்டு' என்று உள்ளூர்ப் பெயரில் அழைத்ததால் பாடப்புத்தகத்துத் தீவோடு அதை நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை போலும்.

மறுநாள் வகுப்பில் என் தவற்றைச் சொன்னேன். அதிலிருந்து தொடங்கிய பாடம் மூன்று வாரம் நீண்டது. அதன் சுருக்கமே இக்கட்டுரை. மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதி வைத்துக்கொண்டோம். இந்த நிலத்தைச் செய்தது எது? இங்கே யார் வந்தார்கள், ஏன் வந்தார்கள்? இங்கே வாழ்பவர்களுக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது?

செதுக்கிய நிலமும் சேர்த்த நிலமும்

ஃபியோர்டைச் செய்தது பனி. பனியுகத்தில் பல நூறு மீட்டர் தடிமனுள்ள பனியாறுகள் மலைகளின் மீது நகர்ந்து, பாறையை அரைத்து, 'யு' வடிவப் பள்ளத்தாக்குகளைத் தோண்டின. பனி உருகிப் பின்வாங்கியபோது கடல் உள்ளே புகுந்தது. நார்வேயின் மிக நீளமான சோங்னே ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நிலத்துக்குள் நீள்கிறது. அதன் ஆழம் ஏறத்தாழ 1,300 மீட்டர். பனி அரைத்துத் தீர்க்க முடியாமல் விட்டுப்போன பாறைதான் அங்கே பல இடங்களில் தீவாக நிற்கிறது. பனியின் பாரம் நீங்கியதால் அந்த நிலம் இன்றும் மெல்ல மெல்ல மேலெழுந்துகொண்டிருக்கிறது.

பிச்சாவரத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். இங்கே நிலத்தைச் செய்தது ஆறு. வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. கடல் அலையோ மணலைக் கரையோரமாகத் தள்ளி நீண்ட மணல்மேடாக நிறுத்துகிறது. அந்த மணல்மேட்டுக்குப் பின்னால் தேங்கிய அமைதியான கழிமுகத்தில் வண்டல் படிந்து திட்டுகள் உருவாயின. திட்டுகளின்மேல் சதுப்புநில மரங்கள் வேர்விட்டு அந்த மண்ணைப் பிடித்துக்கொண்டன. சின்ன வாய்க்கால் முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே வந்து போகிறது. ஓதம் ஏறி இறங்கும் உயரம் இங்கே ஒரு மீட்டர்கூட இல்லை. பல கால்வாய்களில் தண்ணீர் ஓர் ஆள் உயரத்துக்கும் குறைவு. சோங்னே ஃபியோர்டின் ஆழத்தையும் இதையும் பலகையில் அடுத்தடுத்து எழுதியபோது, எண்ணைப் பார்த்தே மாணவர்கள் வேறுபாட்டைச் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் ஊர் வழியாகப் போகும் மண்

வெள்ளாறு எங்கே தொடங்குகிறது என்று கேட்டேன். "தொழுதூர்ல சார்" என்றாள் ஒரு மாணவி. அவள் பார்த்த வரையில் அது உண்மை. எங்கள் ஒன்றியத்தின் தொழுதூரில்தான் அணைக்கட்டு இருக்கிறது. அங்கிருந்து பிரியும் தண்ணீர்தான் வெலிங்டன் ஏரிக்குப் போகிறது. அந்த ஏரி 1923-இல் கட்டி முடிக்கப்பட்டது. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் வெலிங்டன் பிரபுவின் பெயரைத் தாங்கியது.

வரைபடத்தில் விரலை வைத்து ஆற்றை மேல்நோக்கித் தொடரச் சொன்னேன். சேலம் மாவட்டத்தில் ஆத்தூர் வழியாக வரும் வசிஷ்ட நதியும், கெங்கவல்லி, வீரகனூர் பக்கமாக வரும் சுவேத நதியும் சேர்ந்தே வெள்ளாறு ஆகிறது. பிறகு கீழ்நோக்கித் தொடர்ந்தோம். தொழுதூர், திட்டக்குடி. விருத்தாசலம் வழியாக வரும் மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வந்து கலக்கிறது. சேத்தியாத்தோப்பு, புவனகிரி, கடைசியில் பரங்கிப்பேட்டை. அங்கே கடல்.

"அப்ப நம்ம ஊர் மண்ணும் அங்க போயிருக்குமா சார்?" என்ற கேள்வி வந்தது. நான் பதில் சொல்லவில்லை. ஒரு சோதனை செய்து பார்ப்போம் என்றேன்.

இரண்டு பாட்டிலும் இரண்டு கரண்டி உப்பும்

எந்தப் பள்ளியிலும் செய்யக்கூடிய சோதனை இது. ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடி பாட்டில்களில் ஏரிக்கரைக் களிமண்ணை ஒரு கைப்பிடி போட்டு, தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒன்றில் மட்டும் இரண்டு கரண்டி கல்லுப்பு. இரண்டையும் நன்றாகக் குலுக்கி, ஜன்னலோரம் அசையாமல் வைக்க வேண்டும். முதலில் மணல் கீழே இறங்கும். இரண்டு பாட்டிலிலும் அது ஒன்றுபோலவே நடக்கும். அதன்பின்தான் வேறுபாடு தெரியும். உப்புப் போட்ட பாட்டிலில் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரளாகி இறங்க, மேலே தண்ணீர் தெளிந்துவிடும். உப்பில்லாத பாட்டில் மறுநாள் காலையிலும் கலங்கலாகவே இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. முதல்முறை நாங்கள் பள்ளியின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பயன்படுத்தினோம், இரண்டுமே தெளிந்துவிட்டன. போர் தண்ணீரிலேயே உப்புகள் கரைந்திருக்கின்றன என்பது அப்போதுதான் உறைத்தது. மழைநீரையோ கேன் தண்ணீரையோ பயன்படுத்தினால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். தோற்றுப்போன முதல் சோதனை மாணவர்களுக்குக் கூடுதலாக ஒரு பாடமானது.

களிமண் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்சுமை இருக்கிறது. நன்னீரில் அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. உப்புநீரிலுள்ள அயனிகள் அந்த விலக்கு விசையைக் குறைப்பதால் துகள்கள் திரள்கின்றன. ஆறு கடலைத் தொடும் இடத்தில் இதுவும் வண்டலைப் படிய வைக்கிறது. ஆற்றின் வேகம் அங்கே குறைவது இன்னொரு காரணம். மலையிலிருந்து வந்த நுண்மண் நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதந்து வந்து முகத்துவாரத்தில் இறங்குகிறது. நம் ஊர் மண் அங்கே போயிருக்குமா என்ற கேள்விக்கான பதில் ஜன்னலோரம் இருந்தது.

அப்போது ஒரு மாணவன் எழுந்து, "எங்க மாமா விருத்தாசலத்துல பீங்கான் கம்பெனில வேலை செய்யறார் சார். களிமண் கரைசல் கெட்டியாகாம இருக்க என்னமோ மருந்து ஊத்துவாங்களாம்" என்றான். அச்சில் ஊற்றும் பீங்கான் கரைசலில் சோடியம் சிலிக்கேட் சேர்ப்பது வழக்கம். அது துகள்களைத் திரளவிடாமல் பிரித்து வைக்கும். முகத்துவாரத்தில் உப்பு செய்வதற்கு எதிரான வேலை அது. நான் திட்டமிடாத இந்த இணைப்பை வகுப்புக்குக் கொண்டுவந்தவன் அந்த மாணவன்தான்.

யார் வந்தார்கள்?

ஆற்றுமுகம் என்றால் பாய்மரக் கப்பலுக்கு ஒதுங்கிடம். வெள்ளாற்றின் முகத்தில் பரங்கிப்பேட்டை துறைமுகமாக வளர்ந்தது இதனால்தான். போர்த்துக்கீசியர் இதைப் 'போர்ட்டோ நோவோ' என்றனர்; அவர்கள் மொழியில் அதற்குப் 'புதிய துறைமுகம்' என்று பொருள். 'பரங்கி' என்பது ஐரோப்பியரைக் குறிக்க நம் மக்கள் வழங்கிய சொல். டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் பின்னால் வந்தார்கள்.

ஃபியோர்டில் தொடங்கிய பாடத்துக்கு இங்கே ஒரு தொடர்பு கிடைத்தது. நார்வேயின் அண்டை நாடான ஸ்வீடனின் கிழக்கிந்தியக் கம்பெனி 1733-இல் பரங்கிப்பேட்டையில் ஒரு வணிகக்கூடம் அமைத்தது. போட்டியை விரும்பாத ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து அதைப் பறித்துக்கொண்டனர். கொள்ளிடத்துக்குத் தெற்கே தரங்கம்பாடியில் 1620-இல் டேனியர்கள் கோட்டை கட்டினார்கள். அன்று நார்வேயும் டென்மார்க் மன்னரின் ஆட்சியில்தான் இருந்தது. 1814 வரை அப்படியே நீடித்தது. ஆக, ஃபியோர்டுகளை ஆண்ட அரசின் கொடி நம் கடற்கரையிலும் பறந்திருக்கிறது.

1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டை அருகே ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையும் மோதின, ஆங்கிலேயர் வென்றனர். அடுத்த நூற்றாண்டில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் இங்கே இரும்பாலை நிறுவினார். மூலப்பொருள் சேலத்து இரும்புத் தாது. வெள்ளாறு பிறக்கும் மலைகளும் அதே சேலம் பக்கம்தான். பின்னாளில் ஆலை மூடப்பட்டது. பெரிய கப்பல்களின் காலம் வந்தபோது, மணல் சேரும் ஆழமற்ற முகத்துவாரத்தின் மதிப்பும் குறைந்தது. துறைமுகத்தை உருவாக்கிய ஆறுதான் அதைத் தூர்க்கவும் செய்தது.

இவற்றுக்கெல்லாம் மூத்த வரலாறு ஒரு மரத்தின் பெயரில் இருக்கிறது. சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை. அங்குள்ள கோயிலின் தலமரமான தில்லை, சதுப்புநிலத்தில் வளரும் மரம். பிச்சாவரத்தில் இன்றும் அது நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்று படகோட்டிகள் எச்சரிப்பார்கள். கோயிலைச் சுற்றிக் காடு இல்லாத இன்றும், ஒரு காலத்தில் அங்கே எப்படிப்பட்ட நிலம் இருந்திருக்கும் என்பதை ஊர்ப்பெயர் நினைவூட்டுகிறது.

படகில் ஒரு கேள்வி

பெற்றோர் ஒப்புதலும் தலைமையாசிரியர் அனுமதியும் பெற்று, ஒரு சனிக்கிழமை மாணவர்களை அழைத்துச் சென்றோம். மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம். படகு சுரபுன்னைகளுக்கு இடையே நுழைந்தபோது வளைந்து இறங்கிய தாங்கு வேர்களையும், வெண்கண்டலின் அடியில் சேற்றிலிருந்து விரல்கள்போல் நீட்டியிருந்த மூச்சு வேர்களையும் மாணவர்கள் தாங்களாகவே அடையாளம் கண்டார்கள். மரத்திலேயே முளைத்துத் தொங்கும் சுரபுன்னை விதையை நான் காட்டினேன். இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களின் திறமையைப் படகோட்டி விவரித்தார்.

பிறகு அவர் கிழக்கே கைகாட்டினார். "அதோ, அந்தப் பக்கம்தான் எம்.ஜி.ஆர். திட்டு."

கழிமுகத்துக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் இருந்த மீனவர் குடியிருப்பு அது. படகில்தான் போக முடியும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி அதை அழித்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எம்.ஜி.ஆர். திட்டில் உயிர் பிழைத்தவர்கள் கிள்ளைப் பகுதியில் குடியமர்த்தப்பட்டார்கள்.

"அவ்ளோ கிட்டக்க ஏன் சார் குடியிருந்தாங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். 'இருந்திருக்கக் கூடாது' என்பதுதான் என் வாயில் முதலில் வந்த பதில். நல்லவேளை, படகோட்டி முந்திக்கொண்டார்: "ஆத்து மீனும் கடல் மீனும் கைக்கெட்டற தூரத்துல இருந்தா நீ எங்க கண்ணு குடியிருப்ப? உங்க ஊர்ல காட்டுக்குப் பக்கத்துல வீடு கட்டறதில்லையா?" எங்கள் பக்கம் 'காடு' என்றால் விளைநிலம். அவள் தலையாட்டினாள்.

ஆபத்து எங்கிருந்து வருகிறது?

மூன்றாவது கேள்விக்கு நார்வேயையும் சேர்த்தே விடை தேடினோம். 1934 ஏப்ரல் 7 அன்று அங்கே தாஃப்யோர்டு என்னும் ஃபியோர்டில் செங்குத்தான மலையிலிருந்து பெரும்பாறை பெயர்ந்து நீரில் விழுந்தது. எழுந்த அலையில் 40 பேர் இறந்தார்கள். கண்ணுக்கு அழகாகத் தெரியும் அதே பாறைச் சுவர்தான் ஆபத்தாகவும் ஆனது. இன்று நார்வேயில் விரிசல் கண்ட மலைச்சரிவுகளைக் கருவிகள் பொருத்தி இரவு பகலாகக் கண்காணிக்கிறார்கள்.

நம் திட்டுகளோ தாழ்வான மண். ஆறும் கடலும் சேர்த்து வைத்ததை அவையே எடுத்துக்கொள்ளவும் கூடும். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் ஆற்றின் நடுவிலுள்ள திட்டுக்காட்டூர் போன்ற தீவுக் கிராமங்களைத் தண்ணீர் சூழ்ந்தது. நிலம் உருவான விதத்திலேயே அதன் ஆபத்தும் அடங்கியிருக்கிறது என்பதை இரண்டு நாடுகளையும் ஒப்பிட்டபோது மாணவர்களே கண்டுகொண்டார்கள்.

இங்கே ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 'சதுப்புநிலக் காடு சுனாமியைத் தடுத்தது' என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது உண்மை. அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும், சற்று உயரமான நிலத்திலும் இருந்தன என்பதையும் அறிவியலாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். காடு, தொலைவு, உயரம் இவற்றில் எதன் பங்கு எவ்வளவு என்று அவர்களிடையே விவாதம் நடந்தது. இந்த விவாதத்தை அப்படியே மாணவர்களிடம் வைத்தேன். மனப்பாட விடையைவிட இது அவர்களை அதிகம் சிந்திக்க வைத்தது.

சுமத்ராவில் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் அலை நம் கரையைத் தொட்டது. அன்று சொல்வதற்கு ஆளில்லை. ஹைதராபாத்தில் 2007 முதல் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. நிலத்தைப் புரிந்துகொண்டால் அங்கே வாழ்பவர்களுக்கு நேரம் கிடைக்கும்.

மேற்கிலிருந்து செய்யக்கூடியது

பிச்சாவரத்தின் காடு ஏறத்தாழ 1,100 ஹெக்டேர். 2022-இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. முற்காலத்தில் மரங்களை மொத்தமாக வெட்டியதால் நிலம் தொட்டிபோல் தாழ்ந்து, தேங்கிய தண்ணீர் ஆவியாகி உப்பேறி, பல இடங்களில் மரம் மீண்டும் முளைக்கவில்லை. 1990-களிலிருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, ஓதநீர் ஏறி இறங்கும்படி செய்து, கன்றுகள் நட்டனர். காடு திரும்பியது.

ஆனால் திட்டுக்கு மரம் மட்டும் போதாது. மண்ணும் வர வேண்டும். எகிப்தில் 1970-இல் அஸ்வான் உயர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின் நைல் நதியின் வண்டல் நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிட்டது. டெல்டாவின் கரையைக் கடல் அரிக்கத் தொடங்கியது. ஆற்றின் மேற்பகுதியில் மண்ணையும் மணலையும் நிறுத்தினாலோ அள்ளினாலோ அதன் விளைவு முகத்துவாரத்தில் தெரியும். தொழுதூர் அணைக்கட்டையும் வெலிங்டன் ஏரியையும் நம்பி வாழும் எங்கள் மாணவர்களுக்கு இது எளிதான கேள்வி இல்லை. ஏரி வேண்டும், தீவும் வேண்டும். இரண்டுக்கும் எப்படி வழி காண்பது என்று வகுப்பில் குழுவாக விவாதித்தார்கள். இன்னும் முடிவுக்கு வரவில்லை.

உங்கள் பள்ளிக்கு அருகிலும் ஓர் ஆறோ ஓடையோ இருக்கும். அது எங்கே போய் முடிகிறது என்று மாணவர்களோடு விரல் வைத்துத் தொடர்ந்து பாருங்கள். இரண்டு பாட்டில் சோதனையைச் செய்யுங்கள். மூன்று கேள்விகளையும் பலகையில் எழுதுங்கள். பயணம் போக முடியாவிட்டாலும் வரைபடமே போதும்.

அந்தக் கடைசி வரிசை மாணவன் பயணம் முடிந்து வந்து வரைந்த படம் எங்கள் வகுப்புச் சுவரில் இருக்கிறது. மேலே மலை, நடுவில் தொழுதூர் அணை, கீழே மரங்கள் நிறைந்த திட்டுகள். படத்தின் அடியில் எழுதியிருக்கிறான்: 'எங்கள் மாவட்டத்துத் தீவு.'